பூஜாங் பள்ளத்தாக்கு எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரம்?

மதிப்பிற்குரிய சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கும், கல்வி அமைச்சர் அவர்களுக்கும், நாட்டின் அருங்காட்சியகங்களைக் கவனித்து வரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

கெடா மாநிலம், பீடோங் பட்டணத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். என் பெற்றோர் இருவரும் இவ்வட்டார ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணியின் கடைசிச் சில ஆண்டுகளில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வரலாறு கற்பித்தேன். அந்தப் பாடத்தில் பழங்கெடாவைப் பற்றிய பகுதி வரும்போதெல்லாம், சண்டி என்று இங்கே அழைக்கப்படும் பழங்கோயில் ஒன்றின் படத்தை வெண்பலகையில் ஒட்டி, "இந்த இடத்தை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பது என் வழக்கம். இருபத்தாறு பிள்ளைகள் இருந்த ஒரு வகுப்பில் இரண்டு கைகள் உயர்ந்தன. படத்தில் இருந்தது மெர்போக்கில் உள்ள புக்கிட் பத்து பாகாட் சண்டி. அது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியக வளாகத்திலேயே இருக்கிறது. எங்கள் வகுப்பறையிலிருந்து அங்கே போக இருபது கிலோமீட்டர்கூட ஆகாது.

குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு, அருங்காட்சியகத்தில் கற்பதற்கென்று ஆண்டுதோறும் தவறாமல் வரும் அரசாங்க ஒதுக்கீடு ஒன்று வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். யாராவது மனமிரங்கிக் கொடுத்தால் நடப்பதாகவும், கொடுக்காத ஆண்டில் நின்றுவிடுவதாகவும் அது இருக்கக் கூடாது.

பிள்ளைகள் ஏன் போகவில்லை என்று யாரும் எளிதாகக் கேட்டுவிடலாம். "பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு விடுமுறை நாளில் பெற்றோர் கூட்டிப் போகக் கூடாதா" என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் தந்தையரில் பலர் லாரி உதவியாளர்கள், காவல் வேலை செய்பவர்கள், செம்பனைக் குலை வெட்டுபவர்கள். தாய்மார்களில் பலர் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளில் முறை மாற்றி வேலை செய்பவர்கள். வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருக்கும். அதில் நான்கு பேர் கொண்ட குடும்பம் மெர்போக் வரை போய் வர முடியாது. நேரமும் வண்டியும் இருக்கும் குடும்பத்திற்குக்கூட, அருங்காட்சியகம் தங்களைப் போன்றவர்கள் போகும் இடம்தானா என்ற தயக்கம் உண்டு. கோயில் திருவிழாவுக்குப் போகவும் பேரங்காடிக்குப் போகவும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருங்காட்சியகத்திற்கு ஒருவர் கைப்பிடித்து முதன்முறை அழைத்துச் செல்ல வேண்டும், அந்தக் கை பள்ளியுடையதாகத்தான் இருக்க முடியும்.

ஓர் ஆண்டு நாங்களே ஏற்பாடு செய்தோம். பேருந்து வாடகை, குடிநீர், ஒரு பொட்டலம் நாசி லெமாக் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 18 வெள்ளி (ரிங்கிட்) வந்தது. அனுமதிக் கடிதங்களை வீட்டுக்கு அனுப்பினேன். பாதிக்குப் பாதி கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தன, சில திரும்பவே இல்லை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு தாய் பள்ளி வாசலில் வந்து நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகளும் நின்றாள். "டீச்சர், பாப்பாவுக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு. அடுத்த வருஷம் அனுப்புறேன் டீச்சர்" என்றார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒருத்திக்கு 18 வெள்ளி கொடுத்தால் மற்ற இருவரும் கேட்பார்கள் என்பதுதான் காய்ச்சல். அந்தத் தாய் என்னிடம் பொய் சொன்னதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தன் வீட்டின் மானத்தைப் பிள்ளையின் முன்னால் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த சொல் அது. நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து அந்தப் பணத்தைப் போட்டு அவளை அழைத்துச் சென்றோம். ஆனால் அப்படிப் போடுவதற்கும் ஓர் எல்லை உண்டு, நாங்களும் சம்பளக்காரர்கள்.

அவள்தான் அன்று அங்கே கண்ணாடிக்கு முன்னால் மிக அதிக நேரம் நின்றவள். கண்ணாடிக்குள் கருங்கல்லால் ஆன ஒரு சிறிய பெட்டி. அதன் உட்புறத்தில் ஒன்பது குழிகள். விரலால் கண்ணாடியின் மேல் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, "டீச்சர், இது பல்லாங்குழியா?" என்று கேட்டாள். வேறு சில பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் பாட்டி வீட்டில் கண்ட குழிப்பலகையைக் கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு பொருளை நெருங்க முயன்றாள். வரலாற்றுப் பாடம் ஒரு பிள்ளைக்குள் இறங்குவது இப்படித்தான். அது விளையாட்டுப் பலகை அல்ல, கோயில் கட்டும்போது மண்ணுக்கடியில் வைத்த பெட்டி, குழிகளுக்குள் மணிகளும் உலோகத் துண்டுகளும் இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப இதை யார் செஞ்சா? இந்த ஊர் ஆளுங்களா, கப்பல்ல வந்தவங்களா?" என்று அடுத்துக் கேட்டாள். அது தொல்லியல் அறிஞர்களே இன்னும் விவாதிக்கும் கேள்வி. அதைப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தக்கபடி எடுத்துச் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. அதற்கு நேரமும் இல்லை. பேருந்து ஒரு மணிக்கு அடுத்த வாடகைக்குப் போக வேண்டியிருந்தது.

அருங்காட்சியகக் கல்வி என்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு கட்டடத்துக்குள் நடத்திச் சென்று வெளியே கொண்டுவருவது அல்ல என்பதை அன்று முழுதாக உணர்ந்தேன். போவதற்கு முன் வகுப்பில் ஒரு பாடம் நடக்க வேண்டும். போன இடத்தில் கேள்வி கேட்கவும், ஒரு பொருளின் முன் உட்கார்ந்து வரையவும், மாதிரிப் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவும் நேரம் வேண்டும். திரும்பி வந்த பிறகு அந்தக் கேள்விகளை எடுத்துத் தொடர ஒருவர் வேண்டும். இதை நடத்தத் தனிப் பயிற்சி வேண்டும், அது ஒரு தொழில். அனைத்துலக அருங்காட்சியக மன்றம் 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்ற புதிய வரையறையும், அருங்காட்சியகம் எல்லாரும் அணுகக்கூடியதாக, அனைவரையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்கிறது. கல்வியை அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. மலேசியா 1995இல் ஏற்றுக்கொண்ட சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவது ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்கிறது. வண்டி வசதி உள்ள பிள்ளையின் உரிமை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

எங்கள் வட்டாரத்தில் இந்தக் கல்விக்கு இருக்கும் வளத்தை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் மனம் துடிக்கிறது. 1840களில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ இங்கே பழங்கட்டட எச்சங்களைக் கண்டு எழுதினார். 1930களின் பிற்பகுதியில் தொல்லியல் அறிஞர் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவி டோரதியுடன் வந்து வரிசையாக அகழ்ந்து, ஒவ்வோர் இடத்திற்கும் எண் கொடுத்தார். அலஸ்டர் லாம்ப் 1959, 1960ஆம் ஆண்டுகளில் புக்கிட் பத்து பாகாட் சண்டியை மீட்டுக் கட்டினார். அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம் ஆகிய இடங்களின் சண்டிகளும் அந்த வளாகத்திற்குக் கொண்டுவரப்பட்டு மறுபடி அமைக்கப்பட்டன. பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் துண்டுகளும் மேற்காசியக் கண்ணாடியும் மணிகளும் கிடைத்தன. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடங்களில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், துருத்தியிலிருந்து காற்று செலுத்திய களிமண் குழாய்களும் குவிந்து கிடந்தன. இவ்வளவும் செம்பனைக்கும் ரப்பருக்கும் நடுவில், எங்கள் பிள்ளைகளின் தாத்தாக்கள் சைக்கிளில் போய்வந்த பாதைகளுக்குப் பக்கத்தில். சுங்கை பத்து என்பதே ஒரு தோட்டத்தின் பெயராக இருந்ததுதான்.

இந்த வரலாற்றைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் ஒரு கவனம் வேண்டும் என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். கெடாவின் பழம்பெயரான கடாரம் என்றவுடன் எங்கள் மேடைகளில் இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்புதான் முழங்கும். அது நடந்தது, மெய்க்கீர்த்தியில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார் என்பதும், இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அதற்குக் கொடுத்தார் என்பதும் செப்பேட்டில் இருக்கிறது. வெற்றியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளையிடம் "நாங்கள் உங்களை வென்றோம்" என்று சொல்லக் கற்றுக்கொள்ளும். விகாரத்தையும் வாணிபத்தையும், இரும்பை உருக்கிய உள்ளூர்க் கைகளையும் சேர்த்துக் கேட்கும் பிள்ளை, "நம் ஊர் இது" என்று சொல்லும். இந்த வேறுபாட்டை உண்டாக்குவது நல்ல பயிற்சி பெற்ற கல்வியாளர். அவரைத் தன்னார்வத்தை நம்பியும் நன்கொடையை நம்பியும் பெற முடியாது. சம்பளம் கொடுத்து அமர்த்த வேண்டும். அவர் முன்னால் தமிழ்ப் பிள்ளைகளோடு மெர்போக் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளும், பட்டணத்துச் சீனப் பிள்ளைகளும், சயாமியப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார வேண்டும் என்பதே என் ஆசை. இந்தக் கோரிக்கை தமிழ்ப்பள்ளிகளுக்கு மட்டுமானது அல்ல. வறுமை எங்கள் வரிசை வீடுகளோடு நின்றுவிடவில்லை.

2013இன் இறுதியில், சுங்கை பத்து தோட்டப் பகுதியில் 11ஆம் எண் இடம் என்று வேல்ஸ் காலத்திலிருந்து பதிவாகியிருந்த சண்டி, வீடமைப்புக்காக நிலம் சமப்படுத்தப்பட்டபோது இடிக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. நாடே பேசியது. எனக்கு நெஞ்சில் தைத்தது வேறொன்று. அப்படி ஒரு சண்டி அங்கே இருந்தது என்பதே, அதைச் சுற்றி வாழ்ந்த எங்களில் பலருக்கு, அது போன பிறகுதான் தெரிந்தது. பழஞ்சின்னங்களைக் காக்க 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் தனியார் நிலத்தில் கிடக்கும் செங்கற்குவியலைப் பார்த்து, இது என்ன என்று தெரிந்து, உடனே யாரையாவது கூப்பிடும் மனிதர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டாமா? அந்த மனிதர் நான்காம் ஆண்டில் உருவாகிறார்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு வருகிறேன். நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டன் தன் தேசிய அருங்காட்சியகங்களின் கட்டணத்தை 2001 டிசம்பரில் நீக்கியது. சிங்கப்பூர் 2013 மே முதல் தன் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் தேசிய அருங்காட்சியகங்களுக்குள் இலவசமாக விடுகிறது. அமெரிக்காவில் உணவு உதவி பெறும் குடும்பங்கள் இலவசமாகவோ மிகச் சிறிய கட்டணத்திலோ நுழைய 'மியூசியம்ஸ் ஃபார் ஆல்' என்ற திட்டம் 2014இல் தொடங்கியது. எல்லாம் நல்ல காரியம். ஆனால் எங்கள் பிள்ளைகளைத் தடுப்பது வாசலில் உள்ள சீட்டு அல்ல, வாசல் வரை போகும் பேருந்து. அதே அமெரிக்காவில் 2025 மார்ச்சில், அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்கும் நடுவண் அரசு நிதி வழங்கும் நிறுவனத்தையே சுருக்கும்படி அதிபர் ஆணை வந்தபோது, வழங்கப்பட்டிருந்த நிதிகள் பல நடுவழியில் நின்றன. அசைக்க முடியாத இடத்தில் எழுதப்படாத நிதி எப்படிப் போகும் என்பதற்கு அது சான்று.

நம் அரசாங்கத்துக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தேடிச்சென்று உதவி சேர்க்கும் வழி தெரியாமல் இல்லை. பள்ளித் தொடக்க உதவித்தொகை எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் கைக்கு வந்து சேர்கிறது. கூடுதல் உணவுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டுக்கு ஒரு செலவுத் தலைப்பு இருப்பதுபோல் இதற்கும் ஒன்று இருக்க முடியும். இதை இந்தியச் சமூகத்துக்கான அரசாங்க அமைப்பான மித்ராவின் கணக்கில் எழுதிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்க வேண்டாம். இந்தியச் சமூகத்துக்கென்று ஒதுக்கப்படும் அந்த நிதிக்கு வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன. தன் நாட்டின் தொன்மையை ஒரு பிள்ளை பார்ப்பது இன உதவி ஆகாது, அது கல்வி. ஒரு காலத்தில் ரப்பரும் வெள்ளீயமும் கொடுத்த ஏற்றுமதி வருவாயில்தான் இந்த நாட்டின் பொதுக் கட்டடங்கள் பல எழுந்தன. அந்த ரப்பரை விடியற்காலையில் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கேட்பதை யாசகம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஒதுக்கீட்டின் அமைப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல திட்டங்கள்கூட வழுக்குகின்றன. தோட்டப் பள்ளிகளில் பல, 150 மாணவருக்கும் குறைவான சிறு பள்ளிகள். சிலவற்றில் ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள். தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், நாற்பது பேர் கொண்ட பட்டணத்து வகுப்பு சுலபமாகப் பேருந்து அமர்த்திவிடும். எட்டுப் பேர் கொண்ட வகுப்புக்கு அதே பேருந்து அதே வாடகைதான், கையில் இருப்பதோ ஐந்தில் ஒரு பங்கு. எந்தப் பள்ளிக்கு மிக அதிகமாகத் தேவையோ அந்தப் பள்ளியே பின்தங்கிவிடும். ஆகவே தலைக்கணக்கில் கொடுக்காமல் பயணக்கணக்கில் கொடுங்கள். அருகருகே இருக்கும் இரண்டு மூன்று சிறு பள்ளிகள் ஒரே பேருந்தில் சேர்ந்து வர வழி செய்யுங்கள். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒரே ஆசிரியர் தலைமையாசிரியராகவும் எழுத்தராகவும் இருக்கும் பள்ளியில், ஏழு படிவங்கள் கேட்கும் உதவியை யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளி, ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் பதிலுக்குக் காத்திருந்தே ஒரு பள்ளியாண்டைக் கடந்தது. அந்த ஆண்டுப் பிள்ளைகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டார்கள்.

விளக்கம் சொல்பவர்களை இந்த வட்டாரத்திலிருந்தே எடுக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். பீடோங்கிலும் செமெலிங்கிலும் மெர்போக்கிலும் படித்துவிட்டு வேலை தேடும் இளையர்கள் இருக்கிறார்கள். மலாயும் தமிழும், சிலருக்குச் சீனமும் சயாமும் வீட்டு மொழிகள். அவர்களுக்கு ஓராண்டு முறையான பயிற்சி கொடுத்து, பள்ளி நாள்களில் அமர்த்துங்கள். பல்லாங்குழியா என்று ஒரு பிள்ளை கேட்டால், அது என்ன விளையாட்டு என்று அந்தக் கல்வியாளருக்கே தெரிந்திருக்கும்.

எல்லாப் பிள்ளைகளும் மெர்போக் போக வேண்டும் என்பதோடு, அருங்காட்சியகமும் ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக்கு வரலாம். எங்கள் பழைய வீடுகளின் பின்கட்டில், ரப்பர்ப் பால் பிடித்த மங்கும், அதைச் சுமந்த காண்டாவாளியும், மரம் வெட்டிய பால் கத்தியும் இன்னும் கிடக்கின்றன. விடியலில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களத்து மணியோசையை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார் இருக்கிறார்கள். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி வழியாக ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. அதற்கு முன் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொண்டர் படை திரண்டது. பெற்றோர் வாய்வழியாக அதைக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள், நெடுநாள் இருக்க மாட்டார்கள். ஒரு பொருளை எப்படிப் பதிவது, ஒரு பாட்டியிடம் எப்படிக் கேள்வி கேட்டு ஒலிப்பதிவு செய்வது என்று அருங்காட்சியகத்தார் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளைகள் சேகரிப்பது நாட்டுக்கே சொத்தாகும். மங்கின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துப் பார்த்து, "இது எதுக்கு?" என்று என் பேத்தி கேட்டபோது, என் அம்மாவின் கைகளை அவளுக்கு விளக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் பிடித்தது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்திற்கான கருத்துகளை அமைச்சுகள் திரட்டும்போது இந்த மடலையும் அவற்றோடு வையுங்கள். தொடக்கத்தில் கோல மூடா மாவட்டத்தில் மட்டும் மூன்றாண்டு நடத்திப் பார்த்தாலும் போதும். எத்தனை பள்ளிகள், எத்தனை பயணங்கள், என்ன செலவு என்று கணக்கிட்டுத் தர இவ்வட்டாரத் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் உட்காரத் தயாராக இருப்பார்கள், நானும் வருகிறேன். அன்று காய்ச்சல் என்று சொல்லப்பட்ட அந்தப் பெண் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய தம்பி அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டுக்குப் போகிறான். அவன் வகுப்பு மெர்போக் போகும் செலவை அரசாங்கம் ஏற்குமா என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்,
பீடோங், கெடா.